முதல் மைக்ரோகண்ட்ரோலர் போர்டை நீங்களே செய்ய: சர்க்யூட் வரைவதிலிருந்து எல்இடி மின்னும் வரை

விலைக்குக் கிடைக்கும் ஒரு டெவலப்மெண்ட் போர்டை உற்றுப் பார்த்தால் முப்பது, நாற்பது உதிரிகள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை வசதிக்காக இருப்பவை. நடுவில் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நிரலைத் தன்னுள்ளே வைத்து ஓட்டும் சிறு கணினி சிப், ஓடுவதற்கு வேண்டியவை நான்கே: சீரான மின்சாரம், வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பான ஒரு கிளாக், அசையாமல் நிற்கும் ரீசெட் கால் (சிப்பை முதலிலிருந்து தொடங்க வைப்பது), நிரலை உள்ளே அனுப்ப ஒரு வழி. இந்த நான்கையும் ஒவ்வொன்றாகக் கட்டி, ஒவ்வொன்றையும் அளந்து பார்த்த பிறகே அடுத்ததற்குப் போவதுதான் இங்கே சொல்லப்படும் முறை. எல்லாவற்றையும் சால்டர் செய்துவிட்டுக் கடைசியில் பவர் கொடுத்து, ஓடவில்லை என்றால் பத்து இடங்களைச் சந்தேகப்பட வேண்டியிருக்கும். படிப்படியாகக் கட்டினால் எந்த நேரத்திலும் சந்தேகம் ஓரிடத்தில்தான் இருக்கும்.

எந்த சிப்?

முதல் போர்டுக்கு ஏடிமெகா 328பி, அதிலும் 28 கால் டிப் (இரு வரிசைக் கால்) வடிவம். நிரல் தங்க 32 கிலோபைட் ஃபிளாஷ், ஓடும்போது பயன்பட 2 கிலோபைட் ரேம், மின்சாரம் போனாலும் அழியாத தரவுக்கு 1 கிலோபைட் ஈஈப்ராம். இதைவிட வேகமான, மலிவான சிப்புகள் எத்தனையோ உண்டு. ஆனால் இது சாக்கெட்டில் உட்காரும். தவறு செய்து சிப் போய்விட்டால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். 5 வோல்ட்டில் ஓடும், கால்களின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர் என்பதால் சால்டர் இல்லாமல் செருகும் பிரெட்போர்டிலும், சால்டர் செய்யத் துளைகள் நிறைந்த பெர்ஃப்போர்டிலும் நேராகப் பொருந்தும். ஆர்பி2040 போன்றவை 7 மில்லிமீட்டர் சதுரத்தில் 56 கால் கொண்டவை, நிரலை வைக்க வெளியே தனி ஃபிளாஷ் சிப் கேட்பவை. அவை மூன்றாவது, நான்காவது போர்டுக்கு.

வாங்கும்போது 328 என்பதும் 328பி என்பதும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும், ஆனால் அடையாள எண் வேறு. புரோகிராமர் மென்பொருளில் 328பி என்று சொல்லிவிட்டு 328-ஐச் செருகினால், சிப்பில் ஒரு குறையும் இல்லாமலே அது ஏற்க மறுக்கும்.

உதிரிகள்

ஏடிமெகா 328பி ஒன்று. 28 கால் சாக்கெட் ஒன்று. குறுகியது வேண்டும், இரு வரிசைகளுக்கும் நடுவே 7.62 மில்லிமீட்டர். 15.24 மில்லிமீட்டர் அகலத்திலும் 28 கால் சாக்கெட் உண்டு, அது பொருந்தாது. குறுகியது கிடைக்காவிட்டால் 14 கால் சாக்கெட் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கலாம்.

100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஆறு. மேலே 104 என்று அச்சிட்டிருக்கும். 22 பிக்கோஃபாரட் செராமிக் இரண்டு. 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று. 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1 கிலோஓம் இரண்டு. எல்இடி இரண்டு, ஒன்று பவருக்கு, ஒன்று சோதனைக்கு. ரீசெட்டுக்கு ஒரு புஷ் பட்டன். 1என்4148 டயோடு ஒன்று.

பவர் பகுதிக்கு: வோல்ட்டை 5-இல் நிறுத்தும் 7805 ரெகுலேட்டர், 1என்4007 டயோடு, 100 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக், 10 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக், 330 நானோஃபாரட் செராமிக், இரண்டு முனை ஸ்க்ரூ டெர்மினல். யுஎஸ்பி சார்ஜரின் 5 வோல்ட்டிலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் 7805 தேவையே இல்லை.

நிரல் ஏற்ற யுஎஸ்பிஏஎஸ்பி வகை புரோகிராமர் ஒன்று, அதற்கு 2×3 பின் ஹெடர். கணினியோடு பேச வேண்டுமானால் ஒரு யுஎஸ்பி-சீரியல் மாட்யூல். இவற்றோடு ஒரு மல்டிமீட்டர். சாலிடரிங் அயர்ன் சுமாரானதாக இருந்தாலும் சமாளிக்கலாம், மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பவர் பகுதி: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

ஓடாத போர்டுகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு இங்கேதான் இருக்கும். டெர்மினலில் வரும் 9 அல்லது 12 வோல்ட் முதலில் 1என்4007 வழியாகப் போகட்டும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் டயோடு தடுத்துவிடும். அதற்கு விலையாகச் சுமார் 0.8 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். அதன்பின் 100 மைக்ரோஃபாரட்டும் 330 நானோஃபாரட்டும், பிறகு 7805, அதன் வெளியீட்டில் 10 மைக்ரோஃபாரட்டும் 100 நானோஃபாரட்டும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் உடலில் பட்டை இருக்கும் பக்கம் நெகட்டிவ். மாற்றி வைத்தால் சூடாகி வெடிக்கும்.

எழுத்து அச்சிட்ட முகம் உங்களைப் பார்த்திருக்க, 7805-இன் கால்கள் இடமிருந்து வலமாக உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு. இதன் சிறிய தம்பி 78எல்05-இல் தட்டை முகத்தைப் பார்த்தால் வெளியீடு, கிரவுண்டு, உள்ளீடு என்று தலைகீழ். 3.3 வோல்ட்டுக்குப் பலரும் பயன்படுத்தும் 1117 குடும்பத்தில் கிரவுண்டு, வெளியீடு, உள்ளீடு. அதன் உலோக முதுகும் வெளியீட்டோடு இணைந்தது, கிரவுண்டோடு அல்ல. ஒன்றைப் பார்த்த பழக்கத்தில் இன்னொன்றை வைத்துச் சிப்பை எரிப்பது சர்வசாதாரணம். ஒவ்வொரு முறையும் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளை, அதாவது டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள்.

7805-க்கு வெளியீட்டைவிடச் சுமார் 2 வோல்ட் அதிகமாக உள்ளே வர வேண்டும். அதாவது டயோடுக்குப் பிறகு குறைந்தது 7 வோல்ட், டயோடுக்கு முன் 8. மிஞ்சிய வோல்ட் எல்லாம் வெப்பமாகும். 12 வோல்ட் கொடுத்து 200 மில்லிஆம்பியர் எடுத்தால்: 12-இல் டயோடு 0.8 போக 11.2, அதில் 5 போக 6.2, 6.2 × 0.2 = 1.24 வாட். ஹீட்சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். ஆக, அறை வெப்பத்துக்கு மேல் 80 டிகிரி. விரல் வைக்க முடியாது. அதே போர்டுக்கு 9 வோல்ட் கொடுத்து 100 மில்லிஆம்பியர் எடுத்தால் 0.32 வாட், 21 டிகிரிதான் ஏறும், ஹீட்சிங்க் தேவையில்லை. இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டு அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள்.

சதுரமான 9 வோல்ட் பேட்டரியில் நாள்கணக்காக ஓட்ட வேண்டிய கருவிக்கு 7805 வேண்டாம். எதுவும் இணைக்காவிட்டாலும் அது தனக்கென்று சுமார் 5 மில்லிஆம்பியர் குடிக்கும். சிப்பைத் தூங்க வைத்து மைக்ரோஆம்பியரை மிச்சம் பிடித்து என்ன பயன், வாசற்காவலனே சாப்பாட்டைக் காலி செய்தால்?

அடுத்து சிப்பின் மின்கால்கள். 7-ஆம் கால் விசிசி (மின் உள்ளீடு), 8 கிரவுண்டு, 20 ஏவிசிசி (அனலாக் பகுதியின் மின் உள்ளீடு), 21 ஏரெஃப் (அனலாக் அளவீட்டுக்கான ஒப்பீட்டு வோல்ட், ரெஃபரன்ஸ்), 22 இன்னொரு கிரவுண்டு. 7, 20 இரண்டுக்கும் 5 வோல்ட். 8, 22 இரண்டும் கிரவுண்டுக்கு. அனலாக் வசதியை நான் பயன்படுத்தவில்லையே, 20-ஐ விட்டுவிடலாமா என்று கேட்கக் கூடாது. 23 முதல் 26 வரையான கால்களுக்கு மின்சாரம் அந்தக் காலிலிருந்துதான் போகிறது. 21-ஆம் காலை 5 வோல்ட்டில் இணைக்காதீர்கள். அதிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 நானோஃபாரட் மட்டும் போதும். இணைத்துவிட்டு நிரலில் உள் ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் உள்ளேயே மோதிக்கொள்ளும்.

7-க்கும் 8-க்கும் நடுவே ஒரு 100 நானோஃபாரட், 20-க்கும் 22-க்கும் நடுவே இன்னொன்று. சிப் ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் சில நானோவிநாடிக்கு மின்னோட்டத்தைக் கவ்வி இழுக்கிறது. நீளமான ஒயர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பக்கத்திலேயே இருக்கும் கெபாசிட்டர் கொடுக்கும். அதனால் இவை காலிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். போர்டின் மூலையில் அழகாக வரிசையாக வைத்த கெபாசிட்டர்கள் சர்க்யூட் படத்தில் சரியாகத்தான் தெரியும், சிப்புக்கு அவை இல்லாததற்குச் சமம்.

கிளாக்

புது சிப் தன் உள் 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி தொழிற்சாலையிலிருந்து வருகிறது. இந்த ஒரு தகவலை மறந்தவர்கள் மணிக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள், பின்னால் பாருங்கள்.

உள் ஆஸிலேட்டரின் துல்லியம் தொழிற்சாலை அளவீட்டில் 10 சதவீதம் வரை விலகலாம். எல்இடி, ரிலே, பட்டன் போன்றவற்றுக்கு அது தாராளம். சீரியல் தொடர்புக்கோ நேரக் கணக்குக்கோ போதாது. அங்கேதான் துல்லியமான துடிப்பு தரும் கிரிஸ்டல். 9, 10 கால்களுக்கு நடுவே கிரிஸ்டலை வைத்து, இரு முனையிலிருந்தும் ஒவ்வொரு 22 பிக்கோஃபாரட்டைக் கிரவுண்டுக்கு இறக்குங்கள். இந்த 22 எங்கிருந்து வந்தது? கிரிஸ்டலின் டேட்டாஷீட்டில் லோடு கெபாசிட்டன்ஸ் என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து போர்டும் காலும் தரும் 5 பிக்கோஃபாரட்டைக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். 18 என்றால் 26 வரும், 22-உம் 27-உம் ஒத்துவரும். 12 என்றால் 14, அதற்கு 15 போடுங்கள்.

கிரிஸ்டல் சிப்பிலிருந்து 10 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதன் அடியில் வேறு தடம் ஓட வேண்டாம். சால்டர் செய்தபின் அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸை (சால்டரோடு வரும் பசை) ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பல்துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு துடைத்துவிடுங்கள். ஈரம் இழுத்த ஃபிளக்ஸ் கிரிஸ்டலைத் துடிக்கவிடாமல் செய்யும்.

வேகத்துக்கும் வோல்ட்டுக்கும் உறவு உண்டு. 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்ட 5 வோல்ட் கொடுங்கள், சுமார் 3.8 வோல்ட்டுக்குக் கீழே டேட்டாஷீட் அந்த வேகத்துக்கு உறுதி தருவதில்லை. 3.3 வோல்ட் போர்டு என்றால் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். 3.3-இலும் 16 ஓடத்தான் செய்கிறது என்று சொல்பவர்கள் இருப்பார்கள். வெப்பநிலை மாறும் நாளில் நின்றால் காரணம் கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு.

ரீசெட், நிரல் வாசல்

1-ஆம் கால் ரீசெட். அதை 10 கிலோஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள், அதே காலிலிருந்து கிரவுண்டுக்குப் பட்டன். ரெசிஸ்டரை விட்டுவிட்டால், மின்இரைச்சல் உள்ள இடத்தில் சிப் தானாகவே மீண்டும் தொடங்கலாம்.

சீரியல் மாட்யூலின் டிடிஆர் காலிலிருந்து (கணினி மேலும் கீழுமாக மாற்றும் சமிக்ஞைக் கால்) 100 நானோஃபாரட் வழியாக ரீசெட்டுக்கு ஓர் இணைப்பு கொடுத்தால், நிரல் ஏற்றும்போது கணினியே ரீசெட் செய்துகொள்ளும். இதில் ஒரு நுட்பம். டிடிஆர் மீண்டும் மேலே எழும்போது கெபாசிட்டர் ரீசெட் காலை ஒரு கணம் 10 வோல்ட் வரை தள்ளிவிடும். மற்ற கால்களில் உள்ள பாதுகாப்பு டயோடு இந்தக் காலில் விசிசி பக்கம் கிடையாது, ஏனென்றால் 12 வோல்ட் கொடுத்துப் புரோகிராம் செய்யும் வழியும் இதே கால்தான். எனவே 1என்4148-ஐ வெளியே வையுங்கள்: ஆனோடு ரீசெட்டில், பட்டை உள்ள கேத்தோடு 5 வோல்ட்டில்.

2×3 ஹெடரின் வரிசை: 1 மிசோ, 2 விசிசி, 3 எஸ்சிகே, 4 மோசி, 5 ரீசெட், 6 கிரவுண்டு. மோசி சிப்புக்குள் போகும் தரவு, மிசோ சிப்பிலிருந்து வரும் தரவு, எஸ்சிகே அவற்றுக்கான துடிப்பு. சிப்பில் மோசி 17, மிசோ 18, எஸ்சிகே 19. இங்கே மோசி மோசிக்கே, மிசோ மிசோவுக்கே போகும். சீரியலில் மட்டும் குறுக்காக: சிப்பின் 2-ஆம் கால் ஆர்எக்ஸ் (பெறுவது), அது மாட்யூலின் டிஎக்ஸுக்கு, 3-ஆம் கால் டிஎக்ஸ் (அனுப்புவது), அது மாட்யூலின் ஆர்எக்ஸுக்கு.

சோதனை எல்இடியை 14-ஆம் காலிலிருந்து 1 கிலோஓம் வழியாகக் கிரவுண்டுக்கு வையுங்கள். சுமார் 3 மில்லிஆம்பியர் ஓடும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலில் 40 மில்லிஆம்பியர், சிப் முழுவதற்கும் 200 என்பவை தாண்டவே கூடாத உச்சவரம்புகள். அன்றாடம் ஓட்டும் அளவுகள் அல்ல. ஒரு காலுக்கு 20-க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் பிரெட்போர்டு, பிறகு பெர்ஃப்போர்டு

முழு சர்க்யூட்டையும் பிரெட்போர்டில் ஓட்டிப் பார்க்காமல் சால்டர் செய்ய வேண்டாம். ஒரு மாலை நேரம் செலவாகும், ஒரு வாரம் மிச்சமாகும்.

பெர்ஃப்போர்டுக்கு 5 × 7 சென்டிமீட்டர் துண்டு போதும். சாக்கெட்டை நடுவிலும், டெர்மினலையும் ரெகுலேட்டரையும் ஓர் ஓரத்திலும் வையுங்கள். முதலில் ஒரு வேலை: போர்டைத் திருப்பி, சாக்கெட்டின் 1-ஆம் கால் வரும் இடத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மேலிருந்து பார்க்கும்போது இடப்பக்கம் மேலே இருக்கும் கால், அடியிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் மேலே வந்துவிடும். இதை மறந்து ஒயர் போட்டால் 1-க்கு வர வேண்டியது 28-க்குப் போகும், எல்லாமே கண்ணாடிப் பிம்பமாகும். 2×3 ஹெடரிலும் இதே பொறி காத்திருக்கிறது.

சால்டர் செய்யும் வரிசை உயரத்தைப் பொறுத்தது: ஒயர்கள், ரெசிஸ்டர், டயோடு முதலில், பிறகு சாக்கெட், செராமிக் கெபாசிட்டர், கிரிஸ்டல், கடைசியில் எலக்ட்ரோலிட்டிக்கும் டெர்மினலும். ஈயம் கலந்த 63/37 கம்பி 183 டிகிரியில் உருகும். முனையை 330 முதல் 350 வரை வைத்தால் போதும். ஈயமில்லாதது 217-ஐ ஒட்டி உருகத் தொடங்கும், முனைக்கு இன்னும் 20, 30 டிகிரி கூட்டுங்கள். கம்பி 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர். முனையைக் காலும் செம்பும் இரண்டும் படும்படி வைத்து, கம்பியை முனையில் அல்ல, காலில் கொடுங்கள். இரண்டு மூன்று விநாடி. சால்டர் காலைச் சுற்றிச் சரிவாக ஏறியிருந்தால் நல்ல இணைப்பு. உருண்டையாக நின்றால் சூடு போதவில்லை, செம்பு அதை ஏற்கவில்லை. புகையை முகத்துக்கு நேரே வரவிடாதீர்கள், முடித்ததும் கை கழுவுங்கள்.

பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் பலகை) வரைய விரும்பினால்

கிகேட் என்ற வரைவு மென்பொருள் இலவசம், இந்த வேலைக்கு நிறைவானது. முதலில் சர்க்யூட் படம், அதில் மின் விதிச் சோதனையை ஓட்டி, பிறகுதான் போர்டு அமைப்பு. வீட்டில் செம்பைக் கரைத்துச் செய்யும் ஒருபக்கப் போர்டுக்கு, தடம் 0.8 மில்லிமீட்டர், மின்தடங்கள் 1.2, இடைவெளி 0.5 என்று வைத்தால் கை நடுங்கினாலும் வரும். மிஞ்சிய செம்பையெல்லாம் கிரவுண்டாக நிரப்பிவிடுங்கள். கிரவுண்டும் நல்லதாகும், கரைக்க வேண்டிய செம்பும் குறையும். தடங்கள் ஒன்றையொன்று தாண்ட முடியாத இடத்தில் மேலே ஒயர் துண்டு போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வரைந்து முடித்ததும் நூறு சதவீத அளவில் தாளில் அச்சிட்டு, உதிரிகளை அதன்மேல் குத்திப் பாருங்கள். பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வு பிரிண்டரில் இயங்கிக்கொண்டிருந்தால் எல்லாமே சில சதவீதம் சுருங்கும். 28 கால் சாக்கெட்டின் கடைசிக் கால் துளைக்குள் போகாது. ரெகுலேட்டர், டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் கால் எண்கள் படத்திலும் ஃபுட்பிரிண்டிலும் (போர்டில் அந்த உதிரிக்கான துளை அமைப்பு) ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மென்பொருள் இதைப் பிடிக்காது.

லேசர் அச்சின் டோனரைச் சூட்டால் செம்பில் ஒட்டவைக்கும் டோனர் முறையில் அடிப்பக்கச் செம்பை அச்சிடும்போது பிம்பத்தைத் திருப்பக் கூடாது. திரையில் தெரிவது மேலிருந்து ஊடுருவிப் பார்க்கும் தோற்றம். தாளைக் கவிழ்த்து ஒட்டும்போது அது தானே திரும்பிவிடும். குழப்பம் வராதிருக்க, அடிப்பக்கத் தடத்தில் இரண்டு எழுத்து எழுதி வையுங்கள். தாளில் கண்ணாடிப் பிம்பமாகத் தெரிந்தால் சரி, செம்பில் நேராக வாசிக்க வரும்.

லேசர் பிரிண்டர் மட்டுமே இதற்கு ஆகும். இங்க்ஜெட்டில் டோனர் இல்லை. வழவழப்பான பத்திரிகைத் தாள் நல்லது. செம்பை நைலான் தேய்ப்பானால் பளபளக்கத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்தபின் விரல் படக் கூடாது. நீராவியை நிறுத்திய இஸ்திரிப் பெட்டியை மேல் சூட்டில் மூன்று நான்கு நிமிடம் அழுத்தி, தண்ணீரில் ஊறவிட்டுத் தாளை உரித்தெடுங்கள். தடம் விட்டுப்போன இடங்களை நிரந்தர மார்க்கரால் தீட்டலாம். அகலமாக நசுங்கியிருந்தால் அழுத்தம் அதிகம், உரிந்து வந்தால் அழுக்கு அல்லது சூடு குறைவு.

ஃபெர்ரிக் குளோரைடு கரைசலை 40 டிகிரி அளவில் பிளாஸ்டிக் தட்டில் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தால் 10 முதல் 20 நிமிடத்தில் வேலை முடியும். குளிர்ந்த கரைசலில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் தடத்தின் ஓரங்களையும் அரித்துவிடும். கையுறை, கண்ணாடி கட்டாயம். உலோகப் பாத்திரம் ஆகாது. பழைய கரைசலை வடிகாலில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. மூடிய பிளாஸ்டிக் குடுவையில் வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

துளைகள்: சாக்கெட்டுக்கும் ரெசிஸ்டருக்கும் 0.8 மில்லிமீட்டர், ஹெடருக்கும் 1என்4007-க்கும் 1.0, டெர்மினலுக்கு 1.3. கார்பைடு முனை கண்ணாடி இழைப் பலகையில் நெடுநாள் உழைக்கும், ஆனால் கையில் பிடித்த டிரில்லில் சற்றுச் சாய்ந்தாலே முறியும். அதை ஸ்டாண்டில் மட்டும் போடுங்கள். கண்ணாடித் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி அணியுங்கள்.

ஆலைக்கு அனுப்பிச் செய்வதானால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். ஆலை படிக்கும் போர்டு வரைவுகளான கெர்பர் கோப்புகளோடு துளைக் கோப்பையும் சேர்த்தீர்களா என்று கெர்பர் பார்க்கும் மென்பொருளில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். துளைக் கோப்பை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

பவர் கொடுக்கும் வரிசை

சிப் சாக்கெட்டில் இருக்கக் கூடாது. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து 7-க்கும் 8-க்கும் நடுவே அளந்து பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போகும், கெபாசிட்டர் நிரம்புகிறது என்று பொருள். பூஜ்யத்தை ஒட்டி அசையாமல் நின்றால் எங்கோ சால்டர் பாலம் கட்டியிருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே போர்டைப் பிடித்துத் தேடுங்கள்.

இப்போது பவர். கரண்ட் வரம்பு வைக்கும் சப்ளை இருந்தால் 100 மில்லிஆம்பியரில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பாசிட்டிவ் ஒயரில் 47 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்துத் தொடங்கலாம். ஷார்ட் இருந்தால் அந்த ரெசிஸ்டர்தான் சுடும், அதைப் பார்த்ததும் பிடுங்கிவிடுங்கள். சாக்கெட்டின் 7-8, 20-22 இரண்டிலும் 4.8-இலிருந்து 5.2 வோல்ட்டுக்குள் வர வேண்டும். ரீசெட் காலில் 5, பட்டனை அழுத்தினால் 0. இவ்வளவும் சரியானால் பவரை நிறுத்தி, சிப்பைச் செருகுங்கள். சிப்பின் அரைவட்ட வெட்டும் சாக்கெட்டின் வெட்டும் ஒரே பக்கம். புது சிப்பின் கால்கள் சற்று விரிந்திருக்கும். மேசையில் பக்கவாட்டில் வைத்து மெல்ல அழுத்தி நேராக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு கால் உள்ளே மடிந்து போகும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஒரு நேரத்தில் மின்சாரம் ஒரே வழியில் வரட்டும். புரோகிராமர் 5 வோல்ட் தந்தால் அடாப்டரைக் கழற்றுங்கள்; சீரியல் மாட்யூலுக்கும் அதே விதி.

ஃபியூஸ்

புரோகிராமரை இணைத்து அடையாள எண்ணை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் ஒயரிங்கைத் திட்டுவதற்கு முன் வேகத்தைக் குறையுங்கள். 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் புது சிப்பிடம் எஸ்சிகே 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேதான் பேச வேண்டும். யுஎஸ்பிஏஎஸ்பியின் இயல்பு வேகம் 375. மெதுவோட்ட ஜம்பரைப் போடுங்கள், அல்லது மென்பொருளில் பிட் நேரத்தைக் கூட்டுங்கள். மெதுவாக்கிய பிறகும் பதில் இல்லாவிட்டால்தான் மோசி, மிசோ, எஸ்சிகே, ரீசெட் நான்கையும் தொடர்ச்சி சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் என்பது எரிந்துபோகும் ஒன்றல்ல, சிப்பின் நிலையான அமைப்புகளை வைக்கும் பிட்கள். இதில் 0 என்றால் இயங்கும், 1 என்றால் இயங்காது. தலைகீழ் வழக்கம் என்பதாலேயே பிழைகள் நேர்கின்றன. புது சிப்பின் லோ ஃபியூஸ் இருமத்தில் 01100010. இடக்கோடி 0-தான் எட்டால் வகுக்கச் சொல்வது. அதை 11100010 ஆக்கினால் உள் ஆஸிலேட்டரில் 8 மெகாஹெர்ட்ஸ், கிரிஸ்டலே வேண்டாம். 11111111 ஆக்கினால் வெளி கிரிஸ்டல். ஹை ஃபியூஸ் 11011001 என்று வரும். சீரியல் வழியே நிரல் ஏற்ற உதவும் சிறு நிரலான பூட்லோடர் போடாதவரை அதைத் தொடாதீர்கள். அதன் இடக்கோடி பிட்டை 0 ஆக்கினால் ரீசெட் கால் சாதாரணக் காலாகிவிடும், அதற்கடுத்ததை 0 ஆக்கினால் டீபக் (பிழை தேடும்) காலாக மாறும். முதல் தவறைச் செய்தால் 12 வோல்ட் கொடுக்கும் சிறப்புப் புரோகிராமர்தான் மீட்கும்.

கிரிஸ்டல் வைக்காமல் 11111111 எழுதிவிட்டால் சிப் செத்ததுபோல் கிடக்கும். சாகவில்லை, துடிப்புக்காகக் காத்திருக்கிறது. கிரிஸ்டலைச் செருகுங்கள், அல்லது வேறொரு போர்டிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை 9-ஆம் காலில் கொடுத்து ஃபியூஸைத் திரும்ப எழுதுங்கள்.

எல்இடியை ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணையும்படி ஓட்டுங்கள். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பதினாறு விநாடிக்கு ஒருமுறை மாறினால் 16 மெகாஹெர்ட்ஸுக்கு எழுதிய நிரல் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஃபியூஸ் எழுதப்படவில்லை. இரண்டு விநாடி என்றால் 8-இல் ஓடுகிறது. இந்த எளிய எல்இடி தரும் விடையை மல்டிமீட்டரால் தர முடியாது. கிரிஸ்டல் காலில் அதன் முனையை வைத்தாலே துடிப்பு நின்றுபோகலாம்.

ஓடுகிறது, ஆனால் சரியாக இல்லை

சீரியலில் குப்பை எழுத்து வந்தால் முதலில் கிளாக்கைச் சந்தேகியுங்கள். 16 மெகாஹெர்ட்ஸில் 9600 வேகத்தின் பிழை 0.2 சதவீதம், 115200-இல் 2.1 சதவீதம். இரண்டாவது விளிம்பில் நிற்பது. நீளமான ஒயரில் 9600-க்கு இறங்குங்கள்.

அடாப்டரைக் கழற்றிய பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறதா? சீரியல் மாட்யூலின் டிஎக்ஸ் கால் வழியாக, சிப்பின் பாதுகாப்பு டயோடைத் தாண்டி மின்சாரம் கசிகிறது. அந்தத் தடத்தில் 1 கிலோஓம் தொடராக வைத்தால் அடங்கும்.

இணைக்காத உள்ளீட்டுக் கால் தன்னிஷ்டத்துக்கு 0, 1 என்று மாறும். பட்டன் கால்களுக்கு நிரலில் உள் புல்-அப்பை (காலை 5 வோல்ட்டுக்கு இழுக்கும் உள் ரெசிஸ்டர்) இயக்குங்கள்.

ரிலேயோ மோட்டாரோ அணையும்போது மட்டும் சிப் ரீசெட் ஆனால், சுருளுக்குக் குறுக்கே 1என்4007-ஐத் தலைகீழாக, பட்டை பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி வையுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் கிரவுண்டைப் பாருங்கள். மோட்டாரின் கிரவுண்டு ஒயர் சிப்பின் கிரவுண்டு வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கும். அதை வெட்டி, மோட்டாருக்கென்று தனி ஒயரை நேராக டெர்மினலின் நெகட்டிவுக்கு இழுங்கள்.